சாம்பார் வரும் கதவு

அக்கா ஒரு வீட்டுக்குள்ள நுழையிறதைப் பார்த்தவங்க மறக்க மாட்டாங்க. நாமெல்லாம் வாசலுக்கு வந்தா, அடுத்த நிமிசம் உள்ள இருப்போம். அக்கா அப்படி இல்லை. நிலைப்படிக்கு வெளியவே நிப்பாங்க. ஒரு கை நிலையில இருக்கும். முந்தானையை ஒருதரம் சரி பண்ணுவாங்க. உள்ள நடக்கிற பேச்சு தானா நிக்கும். எல்லாத் தலையும் திரும்பின பிறகுதான் வலது கால் உள்ள வரும்.

"என்ன, எல்லாரும் இருக்கீங்களா?"

வந்தது கொஞ்சம் சீனி கேட்டுத்தான் இருக்கும். ஆனா வந்து நின்ன விதத்தைப் பார்த்தா, அந்த வீட்டு வழக்கையே தீர்த்து வைக்க வந்த மாதிரி இருக்கும்.

கட்டுகஸ்தோட்டையில பாலத்துக்குப் போற ரோட்டுல, கடைகளுக்குப் பின்னால படி இறங்கிப் போனா ஒரு லைன் வீடு. எங்க வீட்டுக்கு அடுத்த வீடு அக்காவோடது. கண்டி டவுன்ல ஒரு புடவைக் கடையில வேலை செஞ்சாங்க. லைன்ல அவங்களுக்கு வச்ச பேரு 'என்ட்ரி அக்கா'. சொந்தப் பேரை நான் எழுதலை. பட்டப் பேருதான் அவங்களுக்குப் பிடிச்சது.

கல்யாணமாகிக் கொஞ்ச வருசத்துலயே புருசன் போயிட்டார். பிள்ளை குட்டி இல்லை. கருமாதியில சொந்தக்காரங்க ஒரு வெள்ளைச் சேலை கட்டி விட்டாங்க. காரியம் முடியிற வரைக்கும் அக்கா அதைக் கட்டியிருந்தாங்க. மறுநாள் அந்தச் சேலையை நல்லாத் துவைச்சு, ரெண்டாக் கிழிச்சு, ஓரம் அடிச்சு, முன்கதவுக்குத் திரையாப் போட்டுட்டாங்க. அதுக்குப் பிறகு தினமும் காலையில வேலைக்குப் போறப்போ அந்த வெள்ளைத் திரையை ரெண்டு கையாலயும் விலக்கிக்கிட்டுத்தான் வெளிய வருவாங்க. கிளிப்பச்சையோ, செங்கல் சிவப்போ, கடையில புதுசா வந்த ஏதோ ஒரு கலரு உடம்புல இருக்கும். குழாயடியில தண்ணி பிடிக்கிற நாங்க வாளி வழியிறது தெரியாமப் பார்த்துக்கிட்டு நிப்போம்.

பஸ்ஸிலயும் இதே கதைதான். மிதிபலகையில ஏறி நின்னு, உள்ள ஒரு பார்வை பார்க்காம நகர மாட்டாங்க. பின்னால சனம் முட்டும்.

"அக்கே, இஸ்ஸரஹட்ட யன்ன!" முன்னால போகச் சொல்லிச் சிங்களத்துல கொண்டக்டர் கத்துவான்.

"பொட்டக் இன்ன மல்லி," கொஞ்சம் பொறு தம்பின்னு திரும்பிச் சொல்லுவாங்க. "வந்திருக்கிறது யாருன்னு இவங்க பார்க்க வேணாமா?"

பக்கத்துல நிக்கிற எனக்கு எங்கயாவது ஒளிஞ்சுக்கலாம் போல இருக்கும்.

நான் அஞ்சாம் வகுப்போட நின்னவ. நாலு பேர் முன்னால எனக்கு வாய் வராது. எங்க வீட்டுக்காரர் மார்க்கட்ல மரக்கறிக் கடையில வேலை செஞ்சார். எங்க போனாலும் அவருக்குப் பின்னால போய் அவருக்குப் பின்னாலயே திரும்பி வந்துடுவேன். யார் வீட்டுக்குப் போனாலும் சமைக்கிற குசினிப் பக்கத்துக் கதவுதான் எனக்குத் தோது. அக்கா வீட்டுக்கும் அப்படித்தான் போவேன்.

"ஐயோ, நீ எப்ப வந்த?" நெஞ்சுல கை வச்சுக்கிட்டு ஏசுவாங்க. "வர்றவ வந்தேன்னு சொல்லிட்டு வா. நீ என்ன திருடியா?"

அக்காவுக்கு இந்தப் பழக்கம் எல்லாம் படத்துல இருந்து வந்தது. அப்ப போயா, பௌர்ணமி லீவுக்கு லைன்ல எல்லாரும் சேர்ந்து வீடியோ டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுப்போம். கடைத்தெருவுல கெசட் கடை வச்சிருந்த முஸ்லிம் நானாதான் குடுப்பார். அக்கா வீட்டு முன்னறையில வச்சுக் காலையில தொடங்கினா பொழுது சாயிற வரைக்கும் ஓடும். மத்தவங்களுக்குக் கதை வேணும், பாட்டு வேணும், சண்டை வேணும். அக்காவுக்கு ஒருத்தர் முதமுதல்ல வர்ற சீன்தான் வேணும். ஹீரோவோட கால் தெரியும், பூட்ஸ் தெரியும், தூசி பறக்கும், மெதுவாக் கேமரா மேல ஏறும். முகம் தெரியிற நேரத்துல அக்கா கை தட்டிட்டு, "திருப்பிப் போடு"ன்னு சொல்லுவாங்க.

"அடி, கதை நகரட்டுமே!" யாராவது கத்துவாங்க.

"கதை எங்கயும் ஓடிப் போயிடாது. இதைத் திருப்பிப் போடு."

திருப்பித் திருப்பிப் போட்டு நாடா அந்த இடத்துல தேஞ்சு போயிடும். நானா ஒருநாள் வீட்டு வாசலுக்கே வந்துட்டார்.

"என்னக்கா இது? ஒங்கட வூட்டுக்குப் போய் வந்த கெசட்ல எல்லாம் ஹீரோ வார எடத்துல மட்டும் மழ பெய்யுது!"

"மழையில வந்தா இன்னும் நல்லாத்தான இருக்கும் நானா," அப்படின்னாங்க அக்கா. நானா சிரிச்சுட்டார். ஏச வந்தவர் டீ குடிச்சுட்டுப் போனார்.

யார் எப்படி வருவாங்கன்னு அக்காவுக்குத் தெரியும். ஹீரோன்னா முதல்ல கால். வில்லன்னா கதிரை முதுகுப் பக்கம் தெரியும், மோதிரம் போட்ட கை தெரியும், பிறகுதான் கதிரை சுத்தும். கதாநாயகின்னா சிரிப்புச் சத்தம் முன்னால வரும். பெரிய ஆளா இருந்தா, அவர் வர்றதுக்கு முந்தியே நாலு பேர் அவரைப் பத்திப் பேசணும், ஒருத்தன் முன்னால ஓடி வந்து வழி விடச் சொல்லணும். இதெல்லாம் எனக்குச் சொல்லுவாங்க. ஒரு போயா அன்னைக்குப் படம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே என் பக்கம் திரும்பினாங்க.

"அம்மா வர்ற சீன் பாத்திருக்கியா நீ?"

நான் யோசிச்சேன்.

"யோசிக்காத. இல்லை. அவ வரவே மாட்டா. படம் தொடங்கயிலயே அடுப்படியில இருப்பா, யாரோ கொண்டாந்து வச்சிட்டுப் போன மாதிரி. தாலி அறுத்தவ அதைவிட மோசம். சுவரோட சுவரா நிப்பா. வில்லன் வளக்கிற நாய்க்குக்கூட ஒரு வர்ற சீன் இருக்கு. இவளுக்கு இல்லை."

"படந்தானக்கா."

"எங்கயாவது ஒரு படத்துல ஒருத்தி வருவா. வெறுங்கழுத்தோட வருவா. மேளம் அடிக்கும், சனம் எழும்பும். அதைப் பாத்துட்டுத்தான் நான் கண்ணை மூடுவேன்."

சொல்லிட்டு டீவி பக்கம் திரும்பிட்டாங்க. எத்தனையோ கெசட் வந்து போச்சு. அப்படி ஒருத்தி வரலை.

வெளிய போறப்போ எதிர்ல யார் வர்றாங்கன்னு சகுனம் பார்க்கிற வழக்கம் எங்க லைன்ல எல்லா வீட்டுலயும் இருந்தது. கடைசி வீட்டுக்காரர் படிச்சவர். டவுன்ல ஒரு கம்பெனியில கிளாக்கர் வேலைக்கு இன்டர்வியூவுக்குப் புறப்பட்டார். அவர் சம்சாரம் முதல்ல வெளிய வந்து, அக்கா வீட்டுத் திரை அசையுதான்னு பார்த்துட்டு, "வாங்க வாங்க, சுறுக்கா வாங்க"ன்னு கையைக் காட்டினா. அவர் படியில கால் வைக்கவும் திரை விலகவும் சரியா இருந்தது. மனுசன் அப்படியே திரும்பி உள்ள போய், ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு உக்காந்துட்டார்.

அக்கா வேலைக்குப் போகலை. ரோட்டுக்கு ஏறுற படிக்கட்டுல நின்னாங்க. அவர் ஜன்னலால எட்டிப் பார்ப்பார், அக்கா நிப்பாங்க. கொஞ்சம் கழிச்சு எட்டிப் பார்ப்பார், அக்கா கையை அசைப்பாங்க.

"தள்ளி நில்லுங்களேன் அக்கா, பாவம்," நான் மெதுவாச் சொன்னேன்.

"பூனை குறுக்க வந்தா நிப்பாங்க. நான் பூனையா? நான் நேரா வர்றவ."

கடைசியில அவர் குனிஞ்ச தலையோட அக்காவைத் தாண்டித்தான் போனார். பஸ் போயிடுச்சு, அடுத்த பஸ்ஸில போனார். வேலை கிடைச்சிடுச்சு. செய்தி வந்த அன்னைக்குப் பின்னேரம் அக்கா அவங்க வீட்டு வாசல்ல நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

"என் முகத்துல முழிச்சுத்தான கிடைச்சது? ஒரு டீ ஊத்துங்க. சீனி கூடப் போடுங்க."

ஊத்திக் குடுத்தாங்க. அதுக்குப் பிறகு அந்த வீட்டுல சகுனம் பார்க்கிறதை விட்டுட்டாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அக்கா வர்ற நேரத்துல மட்டும் பார்க்கிறதில்லை.

எனக்கு அவங்க மேல ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. என் வீட்டு விசேசத்துல இவங்க வந்து என்ன சீன் போடுவாங்களோன்னு நினைப்பேன்.

அப்புறம் எங்க வீட்டுக்காரரும் போயிட்டார். மார்க்கட்ல மூட்டை இறக்கிக்கிட்டு இருந்தவர் அப்படியே சாஞ்சுட்டார். முன்னாடியே ஆள் கண்ணுல படாதவ நான். அதுக்குப் பிறகு எனக்கே நான் தெரியலை. கோயிலுக்குப் போனாலும் தூணுக்குப் பின்னால நிப்பேன்.

மகளுக்கு தெல்தோட்டைப் பக்கத்துல மாப்பிள்ளை அமைஞ்சது. கண்டியில கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்துல கல்யாணம். எங்க வீட்டுக்காரரோட அண்ணன்தான், அவளுக்குப் பெரியப்பா, எல்லாத்தையும் முன்ன நின்னு பார்த்தார். கெட்ட மனுசன் இல்லை. எங்களுக்காக ஓடாத ஓட்டம் ஓடினார். ஆனா முறைன்னு ஒண்ணு பிடிச்சுட்டா விட மாட்டார். கல்யாணத்தன்னைக்குக் காலையில என்னைத் தனியாக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, நல்ல காரியம். ஆயிரம் கண்ணு பார்க்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? நீ சமையல் பக்கம் இரு. தாலி ஏறினதும் நானே கூப்பிட்டு விடுறேன்."

நான் தலையை ஆட்டினேன். என் மகள் கழுத்துல தாலி ஏறுறதை நான் பார்க்கப் போறதில்லைன்னு விளங்கிச்சு.

சமையல் பக்கம் போற வழியில பெரியப்பா மேளக்காரங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தது காதுல விழுந்தது. "ஐயர் மந்திரத்துல இறங்கினா உலகம் மறந்துடுவார். நீங்க அவரைப் பார்க்காதீங்க, என் கையைப் பாருங்க. நான் விரலை ஆட்டினாக் கெட்டிமேளம். பிந்தக் கூடாது."

"சரிங்க பெரியவரே. ஒங்க விரல்தான் எங்களுக்குக் கணக்கு," தவில்காரர் சொன்னார்.

அக்கா தன் கடையில இருந்து எனக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்திருந்தாங்க. மாம்பழக் கலரு, அரக்குக் கரை. அதைக் கட்டிக்கிட்டு, கறை படாம மேல ஒரு துவாயைச் சுத்திக்கிட்டு, வாழைக்காய் சீவுற பொம்பளைகளுக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் கதிரையில உக்காந்தேன். உள்ள நாயனம் கேட்டுச்சு. மண்டபத்துக்குள்ள போற பக்கக் கதவு ஒண்ணு அங்கயே இருந்தது. அதால ஆள் வர்றதும் போறதுமா, வாளி வாளியாச் சாமான் போய்க்கிட்டு இருந்தது. கதவு திறக்கிறப்போ எல்லாம் மகளோட சேலைக் கரை கொஞ்சம் தெரியும். உடனே மூடிக்கும்.

அக்கா பிந்தித்தான் வந்தாங்க. மண்டபத்துக்குள்ள என்னைத் தேடி, காணாம, சுத்திக்கிட்டுப் பின்னால வந்துட்டாங்க. இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னாங்க.

"என்னடி இது? படத்துல வர்ற அம்மா மாதிரி இருக்க?"

"பெரியவர் சொன்னார் அக்கா. தாலி ஏறினதும் கூப்பிடுவாராம்."

"ஏறின பிறகு பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? கையைக் கழுவு."

"வேணாம் அக்கா. பிள்ளைக்கு ஏதும்..."

"அந்தப் பிள்ளை முதமுதல்ல கண் திறந்து பார்த்தது யார் முகத்தை? அப்ப சகுனம் பார்த்தாளா? கையைக் கழுவுடி."

துவாயை உருவி வாழைக்காய்க் கூடையில போட்டாங்க. நான் எழும்பினேன். பக்கக் கதவைக் காட்டினேன்.

"இதால போனாக் கிட்ட அக்கா. மணவறைக்குப் பக்கத்துலயே போய் ஓரமா நிக்கலாம்."

"கிட்டத்தான். ஆனா இந்தக் கதவால சாம்பார்தான் வரும். நீ வரக் கூடாது."

கையைப் பிடிச்சு வெளிய இழுத்துக்கிட்டுப் போனாங்க. மழை தூறிக்கிட்டு இருந்தது. மண்டபத்தைச் சுத்தி, வான், கார் எல்லாம் நிப்பாட்டியிருந்த இடத்தைத் தாண்டி, முன்வாசலுக்கு வந்தோம். பெரிய ரெட்டைக் கதவு. ரெண்டையும் திறந்தாங்க.

"ஒண்ணு போதும் அக்கா."

"பேசாம நில்லு."

நான் நினைச்சேன், இப்ப அக்கா முன்னால போவாங்க, நான் பின்னால ஒட்டிக்கிட்டுப் போயிடலாம்னு. நிலையில வழக்கம் போல நின்னு, அவங்கதான் அந்த வரத்து வருவாங்கன்னு. அவங்க போகலை. தலையை மட்டும் உள்ள நீட்டி, மண்டபம் அதிர ஒரு சத்தம் போட்டாங்க.

"பொண்ணோட அம்மா வர்றாங்க! வழி விடுங்க!"

அப்புறம் ஒதுங்கி, கதவைப் பிடிச்சுக்கிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாங்க. "நிலையில ஒரு மூச்சு நில்லு. பிறகு வலது கால்."

மண்டபம் முழுக்கத் திரும்பிச்சு. பெரியப்பா மணவறைப் பக்கத்துல இருந்து விறுவிறுன்னு நடுவழியால வந்தார். முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்து விரலை நீட்டி ஆட்டினார்.

"அங்கயே நில்லு! உள்ள வந்தா..."

தவில்காரர் விரலைப் பார்த்தார். கெட்டிமேளம் இடிஞ்சுச்சு.

நாயனமும் சேர்ந்துக்கிச்சு. மஞ்சள் அரிசியைக் கையில வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்த சனம் அப்படியே எழும்பிச்சு. எல்லார் கண்ணும் என் மேல இருந்ததால அரிசியும் பூவும் என் பக்கமே வந்து விழுந்தது. மணவறையில மாப்பிள்ளை கையில தாலியே இல்லை. ஐயர் ரெண்டு கையையும் தூக்கி ஏதோ கத்தினார். பெரியப்பா மேளக்காரங்க பக்கம் திரும்பி, நிறுத்து நிறுத்துன்னு விரலை இன்னும் வேகமா ஆட்டினார். அவங்க இன்னும் வேகமா அடிச்சாங்க. அவர் வாய் அசையிறது தெரிஞ்சுது. ஒரு சொல்லும் கேட்கலை. கெட்ட சொல் ஒண்ணும் காதுல விழக் கூடாதுன்னுதான கெட்டிமேளம் வச்சாங்க? அன்னைக்கு அது ஒழுங்கா வேலை செஞ்சது.

நான் ஒரு மூச்சு நின்னேன். வலது காலை வச்சேன். அவ்வளவு தூரத்தைத் தலை நிமிந்து நான் அதுக்கு முன்னாடி நடந்ததில்லை.

மகள் சிரிக்கிறாளா அழுகிறாளான்னு தெரியலை. "எங்கம்மா போனீங்க?"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. மாப்பிள்ளையோட அம்மா கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டாங்க. மேளம் அடங்கினதும் ஐயர் நெத்தி வேர்வையைத் துடைச்சார். "அம்மா வந்தாச்சுல்ல? நில்லுங்க. நேரம் போகுது," அவ்வளவுதான் சொன்னார். பெரியப்பா ஓரமாப் போய் உக்காந்துட்டார். ரெண்டாந்தரம் கெட்டிமேளம் கொட்டினப்போ சனத்துக்கிட்ட அரிசி பத்தலை. நான் பார்த்தேன். மூணு முடிச்சையும் பார்த்தேன்.

நான் உள்ள வந்த துண்டை வீடியோவுல இருந்து வெட்டச் சொல்லிப் பெரியப்பா ஸ்டூடியோக்காரன்கிட்டச் சொல்லியிருக்கார். அக்காவுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. நேரா ஸ்டூடியோவுக்குப் போய், படம் எடுக்க ஆளை உக்கார வைக்கிற கதிரையில உக்காந்துட்டாங்க. ஐடென்டிகாட் படம் எடுக்க வந்த சனம் வெளிய வரிசையில நிக்குது.

"எழும்புங்க அக்கா, பிழைப்பைக் கெடுக்காதீங்க."

"வெட்டினதை ஒட்டு. எழும்புறேன்."

ஒட்டினது மட்டும் இல்லை. அதை எங்க ஒட்டணும்னும் அக்காவே சொல்லியிருக்காங்க. சீடி வந்ததும் அக்கா வீட்டு முன்னறையில லைன் முழுக்க உக்காந்து பார்த்தோம். முதல்ல பிள்ளையார் படம், ஊதுபத்தி, ஒரு சுலோகம். அடுத்தது பொண்ணு மாப்பிள்ளை பேரு வரும்னு பார்த்தா, என் கால். மேளச் சத்தம் கேட்டு வீடியோக்காரன் ஓடி வந்திருக்கான், கேமராவைத் தோள்ல தூக்க முந்தி அது தரையைப் பார்த்திருக்கு. ஈரக் கால், வெடிச்ச குதிங்கால், அரக்குக் கரை. அரிசி வந்து விழுது. மெதுவா மேல ஏறுது. வெறுங்கழுத்து. அப்புறம் முகம்.

அக்கா, "இந்தப் படந்தான்"னு சொன்னாங்க. கொஞ்சம் கழிச்சு, "திருப்பிப் போடு."

அதுல அக்கா இல்லை. வாழ்நாள் முழுக்க ஒரு வர்ற சீனைத் தேடினவங்க அந்தச் சீன்ல இல்லை. கதவைப் பிடிச்சிருக்கிற ஒரு கை மட்டும் ஓரத்துல தெரியுது.

அக்கா போய்ச் சேர்ந்து சில வருசம் ஆகுது. பிரேதம் எடுக்கிறப்போ பின்பக்கப் படி சுகம்னு யாரோ வெளியாள் சொன்னார். லைன்ல ஒருத்தரும் அதைக் காதுல வாங்கலை. வெள்ளைத் திரையை விலக்கி முன்வாசலாலதான் கொண்டு போனோம். முதல்ல தோள் குடுத்தது அந்த இன்டர்வியூக்காரர்.

போன ஆவணியில பெரியப்பாவோட கடைசி மகனுக்கு, வயசு போய் அமைஞ்ச கல்யாணம். அதே மண்டபம்தான். இப்ப ஏசி போட்டு, முன்வாசலுக்குப் பாரமான கண்ணாடிக் கதவு வச்சிருக்காங்க. பெரியப்பா போன வருசம் தவறிட்டார். அவர் சம்சாரத்தை நான் மூத்தக்கான்னு கூப்பிடுவேன். உள்ள எங்க பார்த்தும் அவங்களைக் காணலை. நான் பின்னால போனேன். வாழைக்காய் சீவுற பொம்பளைகளுக்குப் பக்கத்துல உக்காந்து வெத்தலை துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. யாரும் போகச் சொல்லலையாம். தானாவே போய் உக்காந்துட்டாங்க.

"மூத்தக்கா, கையைக் கழுவுங்க," நான் சொன்னேன்.

"வேணாம்மா. பிள்ளைக்கு ஏதும் ஆயிடப் போகுது."

"என் பிள்ளைக்கு என்ன ஆச்சு? முன்வரிசையில இருக்கா, போய்ப் பாருங்க. கையைக் கழுவுங்க."

நிமிந்து பார்த்தாங்க. என் வாயில இருந்து இப்படி ஒரு சத்தம் வந்ததை அவங்க கேட்டதில்லை. எழும்பிக் கையைக் கழுவினாங்க. பக்கக் கதவு பக்கம் திரும்பினாங்க.

"இதால போவமே. கிட்ட."

"இந்தக் கதவால சாம்பார்தான் வரும்."

சுத்திக்கிட்டு முன்வாசலுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். கண்ணாடிக் கதவை ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சேன். உள்ள எல்லாரும் மணவறையைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. முதல்ல சத்தம் மெதுவாத்தான் வந்துச்சு.

"மாப்பிள்ளையோட அம்மா வர்றாங்க. வழி விடுங்க."

யாருக்கும் கேட்கலை. மூத்தக்கா என் தோளைத் தொட்டாங்க. "விடும்மா, போதும்."

விடலை. இன்னொருதரம் கத்தினேன். எல்லாத் தலையும் திரும்புற வரைக்கும் நான் கதவை விடலை.